இடைவெளி விடாதே

முதலில் அவள் போவாள், அவள் பனி மூடிய சரிவைக் கடந்து அங்காலைக் கல்லடிக்குப் போய்ச் சேர்ந்து கையைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் அவர் போகலாம், அதுவரைக்கும் நின்ற இடத்தை விட்டு ஓர் அடி நகரக்கூடாது, இதுதான் விதி, விதியைப் போட்டவள் அவருடைய மனைவி தையல்நாயகி. வாழ்நாள் முழுவதும் மற்றவர்களுக்கு விதி போட்டுக்கொண்டிருந்த தில்லையம்பலம் பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலக் கேட்டுத் தலையாட்டினார். தலையாட்டும்போதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, பயத்தில் இல்லை, பயம் என்றால் அவருக்கு வயிற்றில் தெரியும், இது தொண்டையில் தெரிந்தது, பல்லில் கூடத் தெரிந்தது, ஊர்வலம் திரண்டுவிட்டது, சந்தியில் பொலிஸ் வண்டி வந்து நின்றுவிட்டது, இன்னும் ஒருவரும் ஒன்றையும் எறியவில்லை, அந்த நாட்களில் அப்படியொரு நிமிடத்தில் தெரிந்ததைப் போல. "தடியின்ரை கைப்பட்டியைக் கழற்றுங்கோ" என்றாள். ஏன் என்று கேட்டார், ஏன் என்று கேட்காமல் அவர் எதையும் கழற்றியதில்லை. "ஸ்னோ இழுத்தால் தடி நங்கூரம் மாதிரிக் கையைப் பிடிச்சுக்கொண்டு கீழை போகும். பையின்ரை இடுப்பு வாரையும் கழற்றுங்கோ. நெஞ்சிலை கட்டின கருவி எரியுதோ, பாருங்கோ." பனிக்குள் புதைந்தவனை மேலே நிற்பவன் தேடிப் பிடிப்பதற்காக ஓயாமல் சைகை அனுப்பிக்கொண்டிருக்கும் கருவி அது. அங்கியைத் திறந்து பார்த்தார், சின்ன விளக்கு மின்னி மின்னி அணைந்தது. "எரியுது. சிவப்பு." "சிவப்பெண்டால் உங்களுக்குச் சந்தோசம்தானே" என்றாள், கண்ணாடிக்குக் கீழே அவளுடைய வாய் மட்டும் சிரித்தது, திரும்பினாள், ஏறும்போது வழுக்காமலிருக்கத் தோல்பட்டி ஒட்டிய ஸ்கீ பலகைகளைச் சரிவுக்குள் வைத்தாள், ஒரு பலகை, மற்றப் பலகை, போனாள்.

அப்படியொன்றும் பெரிய சரிவில்லை. ஒரு கால்பந்து மைதானத்தை எடுத்துச் சாய்த்து வைத்தால் எவ்வளவோ அவ்வளவு. ஆனால் சாய்வு கூரையின் சாய்வு, மேலே விளிம்பில் காற்று பனியை வளைத்து வைத்திருந்தது, கீழே சரிவு ஒரு குழிக்குள் போய் முடிந்தது, விழுந்தவன் மேல் விழுந்ததெல்லாம் வந்து குவியக்கூடிய குழி. சரிவைத் தாண்டினால் மலைக்குடில், அடுப்பு, தேத்தண்ணி. தாண்டாமல் போகவும் வழி இருந்தது, வலப்பக்கத்து மலைமுதுகில் ஏறிச் சுற்றினால் காற்று பனியைத் துடைத்துக் கொண்டுபோன வெறுங்கல்லில் கால் வைத்துப் பின்னேரம் இறங்கலாம். தையல்நாயகி அந்த வழியைத்தான் சொன்னாள். அவர் விட்டால்தானே. வாக்கெடுப்பு என்றார். இரண்டு பேர், இரண்டு வாக்கு, சமம், சமமானால் தலைவருக்கு இன்னொரு வாக்கு. "ஆர் தலைவர்?" என்று கேட்டாள். "மூத்தவன்." "மலையிலை மூத்தது இளையது இல்லை, தெரிஞ்சது தெரியாததுதான்." "பயமெண்டால் பயமெண்டு சொல்லும், நான் கூட்டக் குறிப்பிலை எழுதிறன்." இந்தக் குத்து வேலை செய்யும் என்று அவருக்குத் தெரியும், எத்தனை தயங்கிய கூட்டங்களை இதே குத்தால் தெருவுக்கு இறக்கியிருக்கிறார். அவள் அந்தச் சரிவை நிறைய நேரம் பார்த்தாள், குழி தோண்டிப் பார்த்தாள், பார்த்துவிட்டு, "சரி. ஆனால் வாக்கு உங்கடை எண்டால் விதி என்ரை" என்றாள். வென்றுவிட்டார். கடைசியாக எந்த வாக்கெடுப்பில் வென்றார் என்று யோசித்துப் பார்த்தார், நினைவு வரவில்லை, அதனால்தானோ என்னவோ உடம்பெல்லாம் இப்படித் துள்ளியது, வயது அறுபத்தேழு, முழங்காலில் ஒன்று ஆஸ்பத்திரியில் வைத்தது, சொந்தமில்லை, ஆனாலும் துள்ளியது. ஏப்ரல் மாதத்து வெயில் பனியில் பட்டுத் தெறித்தது, கீழே தூரத்தில் கடல் ஒரு தகரத் துண்டாகக் கிடந்தது, அந்தத் தகரத்தின் ஓரத்தில் நோர்வேயின் வடமுனையில் ஒட்டிக்கொண்டிருந்த ஊர், அதில் அவரும் அவளும் ஆயுளில் பாதியைக் கொட் மீன் வெட்டியே கழித்த தொழிற்சாலையின் கூரை.

அவள் போய்க்கொண்டிருந்தாள். அவசரமில்லாமல், மிதிக்காமல், பலகையைத் தூக்காமல் தள்ளித் தள்ளி, நித்திரையில் கிடப்பவனுக்குப் பக்கத்தால் போவது போல. சத்தம் போடக்கூடாது என்று காலையிலிருந்து அவர் குசுகுசுவென்றே கதைத்துக்கொண்டு வந்தார், அதுவே அவருக்குப் பெரிய சித்திரவதை, அவருடைய குரல் குசுகுசுக்கப் பிறந்த குரலில்லை, ஒலிபெருக்கி பழுதான நாட்களில் சந்தை மைதானத்தின் கடைசி வரிசை வரைக்கும் தனியே போய்ச் சேர்ந்த குரல், தில்லைத் தோழர் வாய் திறந்தால் காகம் மரம் மாறும் என்பார்கள். பாதி மலை ஏறிய பிறகுதான் நாயகிக்கு விசயம் விளங்கியது. "ஏன் தொண்டை கட்டிப்போச்சோ?" "மலை விழுமெல்லே" என்றார் மெல்ல. அவள் தடியை ஊன்றிக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அது படத்திலை. சத்தத்துக்கு ஸ்னோ விழாது. நீங்கள் எவ்வளவு கத்தினாலும் அது கேளாது. பாரத்துக்குத்தான் விழும்." அவர் அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டார், ஆனால் அது இறங்கவில்லை, மீன் முள்ளாக நின்றது, இப்போதும் நின்றது. எவ்வளவு கத்தினாலும் கேளாது. எத்தனை வருடம் கத்தினார். ஊரில் தேநீர்க்கடைக்குள் சாதி பாராமல் எல்லோருக்கும் ஒரே கிளாஸ் வேண்டும் என்று கத்தினார், காணி வேண்டும் என்று கத்தினார், பிறகு ஆயுத இயக்கங்கள் வந்தன, துவக்குகள் வந்தன, துவக்கு வந்த பிறகு குரலுக்கு என்ன விலை, உன்னுடைய நோட்டீசைக் கடலை சுற்றக் கொடு என்று மீசை முளைக்காத ஒருவன் முகத்துக்கு நேரே சொன்னான், நாட்டை விட்டு ஓடி வந்து இந்தப் பனியில் விழுந்தார், இங்கேயும் கத்தினார். எந்த மலை விழுந்தது? பாரத்துக்குத்தான் விழும். இதை யாரும் அவருக்கு அச்சடித்துக் கொடுக்கவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவர் அவர், மிச்சமெல்லாம் துண்டுப்பிரசுரத்தில் படித்தவர், உலகச் சரித்திரம் முழுவதையும் நான்கு பக்கத்தில் படித்தவர், அதில் எல்லாம் இருந்தது, முதலாளி எப்படி வந்தான், அரசு எப்படி உதிரும், எல்லாம். பாரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

காலையில் அவள் கைத்தொலைபேசியில் படித்துக் காட்டிய பனிச்சரிவு அறிவிப்பும் ஒரு துண்டுப்பிரசுரம்தானே என்று நினைத்தார், அரசாங்கத்தின் துண்டுப்பிரசுரம், அவருக்கு அதைக் கேட்கக் கேட்கச் சிரிப்பு வந்தது. காற்று மறைந்த பக்கங்களில் பலவீனமான அடுக்கு இருக்கலாம். ஒருவரின் பாரமே போதுமாக இருக்கலாம். தூரத்திலிருந்தும் தூண்டப்படலாம். லாம், லாம், லாம்! அவர் எழுதிய எந்தப் பிரசுரத்திலும் 'லாம்' வந்தது கிடையாது, நாளை வெடிக்கும், நிச்சயம் வெல்லும், தவிர்க்க முடியாது, இப்படித்தான் எழுதினார், லாம் போட்டு எழுதினால் எவன் வீட்டை விட்டு வெளியே வருவான்? பிறகு அவள் சரிவின் ஓரத்தில் மண்வெட்டியால் குழி வெட்டி, பனியில் ஒரு தூணைச் செதுக்கி, அதன் தலையில் மண்வெட்டியை வைத்துக் கையால் தட்டினாள், முதலில் விரலால், பிறகு முழங்கையிலிருந்து, பிறகு தோளிலிருந்து. தோளிலிருந்து தட்டியபோதுதான் தூண் உடைந்தது, உடைந்ததும் நேராக உடையவில்லை, கோணலாக உடைந்தது, நேராக உடைந்தால்தான் ஆபத்தாம், அதில்தான் அவள் அரைமனதோடு சம்மதித்தாள். ஆனால் உடைந்த இடத்திலிருந்து ஒரு பிடி அள்ளி அவருடைய கையில் போட்டாள். "என்ன மாதிரி இருக்கு?" "சீனி." "ஓம், சீனி. இது ஒண்டோடொண்டு ஒட்டாது. மேலை பாருங்கோ, பலகை மாதிரி இறுக்கம், ஏறி நிண்டு ஆடலாம். மேலை இறுக்கமாத்தான் இருக்கு, கீழைதான் ஒட்டேல்லை." அவருடைய கையுறையில் அந்தச் சீனி உருண்டது, பளபளத்தது, அதைப் பார்த்தபோது இந்த வசனத்தை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று பட்டது, எங்கே என்று பிடிபடவில்லை, பிடிபடாமல் காலில் ஏறிய முள்ளாகக் கூடவே வந்தது.

அவள் சிறிதாகிக்கொண்டு போனாள். நீல அங்கி, முதுகில் பை, பையில் செருகிய மண்வெட்டியின் பிடி. அவளுக்கும் அவருக்கும் நடுவில் வெள்ளை வெளி அகன்றுகொண்டு போனது, அதைப் பார்க்க அவருக்குக் கை அரித்தது. இடைவெளி விடாதே! ஊர்வலத்தின் முதல் பாடம் அது, அவருக்கு முன்னால் நடந்தவர்கள் அவருக்குக் கத்தினார்கள், அவர் தனக்குப் பின்னால் வந்தவர்களுக்குக் கத்தினார், இடைவெளி விடாதே, தோழர் பின்னால் தோழர், முன்னால் போறவன்ரை குதிக்காலைப் பார்த்து நட, எங்கே இடைவெளி விழுகிறதோ அங்கேதான் பொலிஸ் ஆப்பு வைப்பான். தேநீர்க்கடை ஊர்வலத்தில் அதுதானே நடந்தது, செருப்பு வார் அறுந்து ஒருவன் குனிந்தான், குனிந்த நேரத்துக்குள் நாலு முழம் வெளித்துவிட்டது, அந்த நாலு முழத்துக்குள் பொல்லுகள் புகுந்துவிட்டன, முன்னால் போனவர்கள் முன்னால், பின்னால் வந்தவர்கள் பின்னால், நடுவில் அகப்பட்டவன் தனியன், தனியனின் மண்டையில் பொல்லு விழும் சத்தம் தேங்காய் உடைக்கும் சத்தமில்லை, அப்படி எழுதுகிறவன் கேட்காதவன், அது ஈரத் துணியைக் கல்லில் அடிக்கும் சத்தம். அதற்குப் பிறகு அவர் ஒரு ஊர்வலத்திலும் ஒருவனையும் குனிய விட்டதில்லை. அறுந்தால் அறுந்த செருப்போடு நட. ஆனால் ஒருத்தி, ஒரே ஒருத்தி, அவருடைய வரிசையிலிருந்து தானாகவே வெளியேறி இடைவெளி விட்டாள், அவள் இதோ போகிறாள், இதே முதுகு, இதே அவசரமில்லாத நடை.

அதை அவர் மறந்தாரா? மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை, சோற்றுக்குள் கல்லாக ஒதுக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார், அவ்வளவுதான். தொழிற்சாலையில் பெல்ட்டின் வேகத்தைக் கூட்டினார்கள், மீன் பறந்து வந்தது, பெண்களின் விரல்கள் போயின, அவர் சமையலறை மேசையில் இருந்து இரண்டு பாசையிலும் பிரசுரம் எழுதினார், கத்தியைக் கீழே வை என்று தலைப்பு. அவர் பெல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியில் ஏறி, கத்தியைக் கீழே வை என்று ஒரு குரல் கொடுத்தார், வைத்தோம் என்று அந்த மண்டபம் முழுவதும் திருப்பிக் குரல் கொடுத்தது, தமிழன், நோர்வேக்காரன், பின்லாந்துக்காரி எல்லோரும் தமிழில், வைத்தோம்! கத்திகள் எவர்சில்வர் மேசைகளில் விழுந்த அந்தக் கலகலப்பு, அப்பா, அதற்காக ஒரு மனிதன் பிறக்கலாம். அவள் மட்டும் வாய் திறக்கவில்லை. கத்தியை வைத்தாள், வைத்ததைச் சொல்லவில்லை. தெற்கிலிருந்து தொழிற்சங்கத்துப் பெரியவர்கள் விமானத்தில் வந்தார்கள், உங்கள் கோபம் எங்களுக்கு விளங்குகிறது என்றார்கள், இறால் போட்ட பாண் சாப்பிட்டார்கள், இந்த வேலைநிறுத்தம் சட்டப்படி செல்லாது என்று கையைத் துடைத்துக்கொண்டு போனார்கள். மூன்று கிழமை தொழிலாளர்கள் வாசலில் பனிக்குள் நின்றார்கள். பிறகு ஒரு காலை, அவர் நெருப்புக் கொளுத்திய தகரப் பீப்பாவுக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே, தையல்நாயகி வரிசையை விட்டு வெளியே வந்தாள், பனிமூடிய முற்றத்தைத் தனியே கடந்தாள், ஒரு சொல் இல்லை, எல்லோரும் பார்க்கக் கதவைத் திறந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொருத்தி போனாள். பிறகு இன்னொருத்தி. பெல்ட் ஓடத் தொடங்கிய சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் வீட்டில் உப்பு வேண்டுமென்று கூடக் கேட்கவில்லை, உப்பில்லாமலே தின்றார், தலைவரின் பெண்சாதியே என்று ஊர் சிரித்தது, தலைவரின் பெண்சாதியே! இதோ அதே முற்றம், அதே வெள்ளை, அதே முதுகு, இடைவெளி விழுகிறது, விழுகிறது, விடாதே, விடாதே, தோழர் பின்னால் தோழர்.

அடியில் ஏதோ பெருமூச்சு விட்டது. அடியில், தூரத்தில் இல்லை, அவருடைய காலுக்கு அடியில். ஒரு லொறி நிறைந்த நெல்மூட்டையை ஒரே நேரத்தில் மண்ணில் போட்டது போல ம்ம்ப் என்று ஒரு சத்தம், அதோடு மலை முழுவதும் அவரையும் சுமந்துகொண்டு ஒரு விரற்கடை கீழே இறங்கி நின்றது. குனிந்து பார்த்தார். அவர் கல்லடியில் இல்லை. கல்லடி பின்னால் இருந்தது, ஒரு பத்துப் பதினைந்து எட்டுப் பின்னால், அவர் சரிவுக்குள் நின்றார், அவள் போட்ட தடத்தில், அவளுடைய குதிக்காலைப் பார்த்துக்கொண்டு, எப்போது வந்தார், யார் அவரைக் கூட்டி வந்தது, கால்கள் வந்தன, ஐம்பது வருடத்து ஊர்வலம் அவரைத் தள்ளிக்கொண்டு வந்தது. பலகையின் முனையிலிருந்து ஒரு வெடிப்பு, பென்சில் கோடு போல, மேலே ஓடிப் போயிருந்தது, இன்னும் ஓடிக்கொண்டிருந்ததோ. அவள் நடுச் சரிவில் நின்றுவிட்டாள். திரும்பவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது, முதுகு கேட்டது, "எங்கை நிக்கிறியள்?" அவர் பின்னால் இருந்த கல்லடியைப் பார்த்தார். "கல்லடியிலை நிக்கிறியளோ?" அவர் பொய் சொல்லத் தெரியாதவர் இல்லை, ஆனால் இந்தப் பனியில் நின்றுகொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லை." அவள் தடிகளை மெல்ல ஊன்றிக்கொண்டாள். பிறகு, ஏசினால் நன்றாக இருந்திருக்கும், ஏசவில்லை, கறிக்கு உப்புக் காணுமோ என்று கேட்கும் குரலில் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, நான் சொல்லிறதை மட்டும் கேளுங்கோ. திரும்ப வேண்டாம். வந்த தடத்திலையே பின்னுக்கு வையுங்கோ. உதறாமல். ஒவ்வொண்டா." "நீர் நடுவிலை தனிய நிக்கிறீர்." "தனிய நிக்கிறதாலைதான் இது இன்னும் நிக்குது. உங்கடை பாரத்தை எடுங்கோ, நான் என்ரையைக் கொண்டு போறன்."

உங்கடை பாரத்தை எடுங்கோ. வயிற்றில் தெரிந்தது இப்போது, குளிர்ந்த மீன் ஒன்று புரண்டது போலப் பயம் வந்து படுத்தது, ஆனால் அதற்கு மேலே, நெஞ்சில், அந்தப் படபடப்பு இன்னும் தன்பாட்டுக்கு அடித்தது, என்ன வெட்கங்கெட்ட நெஞ்சு, கண் கூர்மையாகிவிட்டது, பனியில் ஒவ்வொரு மணியும் தனித்தனியே தெரிந்தது, மேலே விளிம்பில் காற்று ஊதிய தூசி பொன்னாகப் பறந்தது, உயிர் இருக்கிறது, ஐயோ, எவ்வளவு உயிர் இருக்கிறது இந்தக் கிழட்டு உடம்பில், ஓடிப் போய் அவளுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அக்கரைக்குப் பாய்ந்துவிடலாம் என்று கால்கள் கெஞ்சின. கைகோத்து நில் என்று அவர் கத்திய கத்தலெல்லாம் காதுக்குள் வந்து கத்தியது. கைகோத்தால் இரண்டு பாரம். கைகோத்தால் அவள் போய்விடுவாள். அப்போதுதான் அந்த முள் வெளியே வந்தது, அந்த வசனம், எங்கே கேட்டார் என்பது, இந்த மலையில் இல்லை, சமையலறையில், அவள் வாசலைக் கடப்பதற்கு முதல்நாள், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு சொன்னாள்: "மேலை இறுக்கமாத்தான் இருக்கு, கீழை ஒண்டோடொண்டு ஒட்டேல்லை. பாதிப் பெட்டையளுக்கு வேலை போனால் விசாவும் போகும். உங்களிலை பயந்து நிக்கிதுகள். ஒராள் முதல் போய் ஏச்சு வாங்கினால் மற்றதுகள் ஒவ்வொண்டா இறங்கலாம். இல்லாட்டி எல்லாம் ஒண்டா வரும், கீழை." அவர் அப்போது பிரசுரத்தின் அடுத்த பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. சரி என்று அவர் இப்போதும் சொல்லவில்லை, துரோகம் துரோகம்தான், அவள் போகாமல் இருந்திருந்தால் இன்னொரு கிழமை, இன்னொரு கிழமை நின்றிருந்தால், நின்றிருக்கலாம், வென்றிருக்கலாம், லாம், லாம் என்று வந்தது அவருக்கே, அந்த இடத்தில் நிறுத்தினார்.

பின்னுக்கு வைத்தார். வலது பலகையின் வாலை, கண்ணால் பார்க்காமல், தடத்துக்குள் தடவித் தடவி. பின்வாங்குதல் என்ற சொல்லை அவர் எழுதும்போதெல்லாம் அதற்கு முன்னால் கோழைத்தனமான என்று போட்டார், அச்சுக்காரருக்கே மனப்பாடம், பின்வாங்கு என்று கண்டால் கேட்காமலே கோழைத்தனமான என்பதையும் கோத்துவிடுவார். எந்தக் கோழையாலும் இதைச் செய்ய முடியாது என்று அவருக்கு இப்போது ஆத்திரமாக வந்தது, முதுகுப் பக்கம் கண் இல்லாத நண்டாக, சொந்தமில்லாத முழங்காலோடு, முன்னால் நடுச்சரிவில் சொந்தப் பெண்சாதி நிற்க, அவளை விட்டுப் பின்னுக்குப் பின்னுக்கு. இடைவெளி கூடியது. அவரே கூட்டினார், ஒவ்வொரு அடியிலும் தன் கையாலேயே அந்த வெள்ளையை இழுத்து இழுத்து அகலமாக்கினார். "எங்கை?" என்றது முதுகு. "பாதி." "அவசரம் இல்லை." "அங்கை நடுவிலை நிண்டுகொண்டு அவசரம் இல்லை எண்டு ஆர் சொல்லுவினம்." "வாக்குப் போட்டனியள்தானே, பொறுங்கோ." இந்த நேரத்திலும் குத்துகிறாள், அவருக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது, கைக்கு எட்டாத தூரத்தில் இருந்ததால் இன்னும் கூடுதலாக. பலகையின் வால் கல்லில் முட்டியது. க்ரக் என்ற அந்தச் சத்தம், இரும்பும் கல்லும் உரசிய சத்தம், அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும், அவர் சொல்வதற்கு முன்னமே அவளுடைய பலகை நகர்ந்தது.

இப்போது அவள் மட்டும். அவர் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார், நின்றது மாத்திரம்தான் அவருடைய வேலை, இவ்வளவு கடினமான வேலையை யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை. கண் எடுக்கக்கூடாது, பனி அவளை இழுத்துக்கொண்டு போனால் கடைசியாகத் தெரிந்த இடத்தை மனதில் குறித்துக்கொள்ள வேண்டும், நெஞ்சுக் கருவியை அனுப்புவதிலிருந்து தேடுவதற்கு மாற்ற வேண்டும், இதெல்லாம் அவள் வீட்டு மண்டபத்தில் நாற்காலிகளுக்கு அடியில் கருவியை ஒளித்து வைத்துச் சொல்லிக் கொடுத்தாள், அவர் அப்போது இது என்ன பிள்ளையளின்ரை விளையாட்டு என்றார். ஒரு பலகை. மற்றப் பலகை. வெடிப்புக்குக் கீழே போனாள். பதறாதே பதறாதே என்று அவர் தனக்குச் சொன்னாரா அவளுக்குச் சொன்னாரா. அக்கரைக் கல் கறுப்பாக இருந்தது, அவளுக்கும் அதற்கும் இன்னும் ஒரு வீட்டு அகலம், ஒரு அறை அகலம், ஒரு கட்டில் அகலம், அவளுடைய தடி கல்லைத் தொட்டது, தொட்டபோது கல்லோரம் பனி மெலிந்திருந்த இடத்தில் அவளுடைய கடைசி எட்டு விழுந்தது, அப்போது மலை முடிவெடுத்தது. சத்தம் பிறகுதான் வந்தது. முதலில் அந்த வெடிப்பு வாயைத் திறந்தது, மேலே விளிம்பு வரைக்கும் ஒரே கோட்டில் திறந்தது, பிறகு முழு வெள்ளையும் உடைந்த கண்ணாடியாகத் துண்டு துண்டாகி, ஒவ்வொரு துண்டும் வீட்டுக் கதவளவு, ஒன்றன் மேல் ஒன்று ஏறி, ஆயிரம் பேர், பத்தாயிரம் பேர், ஒரே நேரத்தில் தெருவில் இறங்கியதைப் போல, அவர் வாழ்நாள் முழுவதும் காத்திருந்து ஒருநாளும் பார்க்காத அந்தப் பெருந்திரள், கொடியில்லாமல், கோஷமில்லாமல், பாரம் மட்டுமாக, கீழே, கீழே, குழிக்குள். ஒரு நொடி, கடவுள் இல்லை என்று மேடை மேடையாகச் சொன்ன மனிதர், ஆகா என்றார். பிறகு தூசி எழுந்து எல்லாவற்றையும் மூடியது, கல்லையும், அக்கரையையும், நீல அங்கியையும்.

ஒன்றும் தெரியவில்லை. கை நெஞ்சுக்குப் போனது, கருவியைப் பிடித்தது, தேடுவதற்கு மாற்று, மாற்று என்றது மனம், விரல் மாற்றவில்லை. மாற்றினால் அவள் புதைந்தவள் ஆகிவிடுவாள். மாற்றாவிட்டால் அவள் இன்னும் கல்லடியில் நிற்கிறவள். மூச்சு உறைந்து மீசையில் ஒட்டியது. அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது, சத்தத்துக்கு விழாது. எவ்வளவு கத்தினாலும் கேளாது. அப்படியானால் கத்தலாம். இந்த உலகத்தில் அவருடைய குரலால் ஒன்றும் கெட்டுப்போகாத ஒரே இடம் இதுதான், கத்தலாம்! காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம், பெட்டியில் ஏறி நின்ற நாளிலிருந்து தொண்டையில் கிடந்ததெல்லாம் சேர்ந்து வந்தது, நாயகி என்று வர வேண்டிய இடத்தில் அது வரவில்லை, வேறொன்று வந்தது, அவருடைய வாய்க்கு வழி தெரிந்த ஒன்று:

"கத்தியைக் கீழே வை!"

மலை அதை வாங்கி இடப்பக்கத்து மலையிடம் கொடுத்தது, அது கீழே கடலிடம் கொடுத்தது. வை, வை, வை என்று போய் முடிந்தது. தூசி மெல்லக் கீழே இறங்கியது. ஒன்றுமில்லை. விரல் பொத்தானில் இருந்தது. ஒன்றுமில்லை. பிறகு அந்த வெள்ளைக்குள்ளிருந்து, இருமலோடு, பனி விழுங்கிய தொண்டையோடு, இத்தனை வருடமாக அவருடைய எந்த ஊர்வலத்திலும் கேட்காத ஒரு குரல் வந்தது.

"வைத்தோம்!"

பிறகு இன்னும் கொஞ்சம் இருமல். "வைச்சாச்சு, வைச்சாச்சு. ஒரு தடியும் போச்சு. நீங்கள் நிக்கிறியளோ?" அவர் நிற்கிறேன் என்றார், ஆனால் சத்தம் வரவில்லை, அந்தப் பெரிய குரல் அந்த நேரம் பார்த்து எங்கேயோ போய்விட்டது, கையைத் தூக்கிக் காட்டினார், தூசி விலகியபோது அக்கரைக் கல்லில் நீல அங்கியும் கையைத் தூக்கி நின்றது, கையைத் தூக்கினால் வரலாம் என்றுதானே விதி. ஒரு காலை எடுத்தார். "வர வேண்டாம்!" என்று கூவினாள். "விளிம்பிலை இன்னும் தொங்குது. மலைமுதுகாலை சுத்தி வாங்கோ." "நான் தனியவோ?" "தனியத்தான். கல்லிலை காலை வைச்சு வாங்கோ. நான் குடிலுக்குப் போய் அடுப்பைப் பத்த வைக்கிறன்." இரண்டடி போனவள் நின்றாள். "இஞ்சேருங்கோ. கூப்பிட்டுக்கொண்டு வாங்கோ. எனக்குக் கேக்க வேணும், எங்கை வாறியள் எண்டு."

அவர் பலகைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வலப்பக்கத்து முதுகில் ஏறினார். அவள் காலையில் சொன்ன வழி, தோற்ற வாக்கு. காற்று முகத்தில் அறைந்தது, கல் வழுக்கியது, முன்னால் யாருடைய குதிக்காலும் இல்லை, பின்னால் யாருடைய மூச்சும் இல்லை, நடுவில் ஒரு முழு மலை இடைவெளி. ஒரு வளைவு ஏறினார், நின்றார், மூச்சு வாங்கினார், கத்தியைக் கீழே வை என்றார், முதல் தடவை அது கரகரத்தது, இரண்டாம் தடவை சரியாக வந்தது. அக்கரையிலிருந்து, சின்னதாக, எரிச்சலாக, தவறாமல் வந்தது மற்றப் பாதி. இன்னொரு வளைவு ஏறினார்.